என் பதிவேட்டில் இருந்த தண்ணீர்

அந்த வீட்டுக்கு யார் போனாலும் முதலில் கிணற்றைப் பார்த்தாக வேண்டும். உட்காரச் சொல்வதற்கு முன்னால், குடிக்கத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால், எந்த ஊர், என்ன விஷயம் என்று கேட்பதற்கும் முன்னால், "கெணத்த பாத்துட்டு வா" என்பார் அந்த அம்மா. தபால்காரர் பார்த்திருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பார்த்திருக்கிறார். உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த மூன்று வேட்பாளர்களும் மாலையும் கழுத்துமாக எட்டிப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு வந்தால் ஒரே ஒரு கேள்விதான். "எத்தினி படி வெளில கீது?" சரியாகச் சொன்னால் பாய் விரிப்பார். தப்பாகச் சொன்னால் திரும்பப் போய் எண்ணிக்கொண்டு வரவேண்டும்.

அவருடைய ஒரே மகளைப் பெண் பார்க்கக் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தபோதும் இதே கதைதான். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா இது, பொண்ணு பாக்க வந்தமா, கெணறு பாக்க வந்தமா?"

"பொண்ணு வூட்லதான் கீது, எங்கியும் பூடாது. தண்ணிதான் போய்கினே கீது. அத்த மொதல்ல பாத்துட்டு வாங்க, சம்பந்தி."

சம்பந்தி என்று சொல்லிவிட்டதால் மனிதர் மறுபேச்சு பேசாமல் போய் எண்ணிவிட்டு வந்தாராம். இதை அந்த அம்மாவே என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊர்ப் பெயரையும் எழுதப்போவதில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து செய்யூர் போகும் வழியில், பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் உள்ளே நடக்கவேண்டிய ஊர் என்பது போதும். அவரைக் காப்பாற்றுவதற்காகப் பெயரை மறைக்கிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காப்பாற்ற வேண்டிய நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் சுகாதார ஆய்வாளர். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். கல்யாணமாகி ஊரப்பாக்கத்தில் வாடகை வீடு. காலையில் மின்சார ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ், பிறகு நடை. கொசு, காலரா, வாந்திபேதி, குடிநீர்க் கிணறு எல்லாம் என் பொறுப்பு. ஊர் மக்கள் குடிக்கிற கிணறுகளுக்கு மாதாமாதம் பிளீச்சிங் பவுடர் போடவேண்டும். அதனால் என்னை அந்த ஊரில் பவுடர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் தடவை நான் போனபோது அந்த அம்மா மணிலாக்கொடியில் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நிலக்கடலையை அங்கே மணிலா என்பார்கள். ஐம்பது வயதிருக்கும். ஈரத்துண்டைத் தலையில் சுற்றியிருந்தார். குரல் பெரிய குரல். எதிரில் நிற்பவனிடம் பேசினாலும் பக்கத்து ஊருக்குக் கேட்கும்.

"நீ யாரு?"

"கிணத்துக்கு மருந்து போட வந்திருக்கேம்மா."

"தண்ணிக்குப் பவுடர் போட்டு எந்தக் கல்யாணத்துக்கு அனுப்பப் போற? சரி, போயி எத்தினி படி கீதுன்னு எண்ணிட்டு வா."

அன்றைக்கு நான் ஒழுங்காகத்தான் வேலை செய்தேன். பவுடர் எவ்வளவு போடவேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. கிணற்றின் அகலத்தை அளக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கித் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டையும் பதிவேட்டில் எழுதி, அதற்கேற்பப் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை வாளியோடு கிணற்றுக்குள் விட்டு முக்கி எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் காத்திருந்து தண்ணீரைச் சோதிக்க வேண்டும். பதினான்கு அடித் தண்ணீர் என்று எழுதினேன். மொத்தம் பதினெட்டுப் படி, ஆறு வெளியே தெரிந்தது. சொன்னேன். பாய் விரித்தார். வேகவைத்த மணிலா வந்தது.

அந்தப் படிகள் ஒவ்வொன்றும் அவருக்குத் தனித்தனி ஆள் மாதிரி. மூன்றாவது படி வழுக்கும். ஒன்பதாவது நடுவில் விரிசல் விட்டது. பதினொன்றாவது படிக்கல்லை இறக்கும்போது அவர் வீட்டுக்காரரின் கால் நசுங்கி ஒரு மாதம் படுத்துவிட்டார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் கூலி வாங்கிய குடும்பம். நிலமில்லாதவர்களுக்கு என்று அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர் மேட்டு நிலம் அவர்கள் கைக்கு வந்தபோது அதில் ஓணானுக்குக்கூடக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. இரண்டு பேரும் நான்கு கோடைக்காலம் தோண்டினார்கள். மண்கூடையைத் தூக்கித் தூக்கித் தன் உச்சந்தலையில் மயிர் முளைப்பதே நின்றுவிட்டது என்று துண்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் இறந்த பிறகும் அந்த ஒரு ஏக்கரில் நெல் ஒரு போகம், மணிலா ஒரு போகம், ஓரத்தில் கத்தரி, வெண்டை. அந்தத் தெரு முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடித்தது. தங்களைக் கிணற்றடியில் ஏற விடாத ஊரில், தன் கிணற்றில் யார் வேண்டுமானாலும் குடம் விடலாம் என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது. கிணறு போனால் எல்லாம் போயிற்று, திரும்பவும் கூலிக்குத்தான் போகவேண்டும். இதை அவர் ஒருபோதும் மறைத்துப் பேசியதில்லை.

நான் அங்கே சேர்ந்த சில மாதங்களில் பக்கத்துக் குன்றில் கல்குவாரி வந்தது. முதலில் குன்றை வெடி வைத்து உடைத்தார்கள். குன்று தரைமட்டமானதும் தரைக்குக் கீழே இறங்கினார்கள். பள்ளம் ஆழமாக ஆழமாகச் சுற்றுவட்டாரத்துத் தண்ணீரெல்லாம் அதில் வந்து கசிந்தது. கல் எடுக்க அது இடைஞ்சல். ஆகவே பெரிய டீசல் இன்ஜின் வைத்து அந்தத் தண்ணீரை இரவு பகலாக இறைத்து ஓடையில் விட்டார்கள். ஓடை நிறையத் தண்ணீர் போவதைப் பார்த்து ஊரில் பலபேர் சந்தோஷப்பட்டார்கள். அந்த அம்மா மட்டும், அதுவரை பெருமைக்காக எண்ணச் சொன்ன படிகளைக் கிணற்றடியில் நின்று கவலையோடு எண்ண ஆரம்பித்தார்.

"ஓடையில ஓடறது யார் வூட்டுத் தண்ணி? எங்கூட்டுத் தண்ணி. நம்ம பானையில ஓட்ட போட்டு நம்ம வாசல்லயே ஊத்திகினு கீறான், நாம ஹையான்னு பாத்துகினு கீறோம்."

ஊரில் யாரும் அவரோடு சேரவில்லை. பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜல்லி உடைக்கிற கிரஷரில் வேலை, மீதிப்பேர் லாரியில். யாரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த அம்மாவும் குறை சொல்லவில்லை. வருகிறவர்களைக் கிணற்றைப் பார்க்க வைத்தார், அவ்வளவுதான். நாலு பேர் பார்த்துவிட்டால் நாளைக்குச் சாட்சி சொல்வார்கள் என்பது அவர் நம்பிக்கை. கண்ணால் பார்த்தவன் பொய் சொல்லமாட்டான் என்று எப்படி ஒரு மனுஷிக்கு அவ்வளவு நிச்சயமாகத் தோன்றியது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

குவாரி மேனேஜர் ஒருமுறை ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். அவரையும் விடவில்லை.

"உள்ள இன்னா தெரியுது?"

"தண்ணி தெரியுதும்மா. நல்லாத்தானே இருக்கு?"

"தண்ணி எப்பவும் தெரியும், நைனா. நான் படியக் கேட்டேன். அந்த விரிசல் வுட்ட படி தெரியுதா? நீ வர்றதுக்கு முன்னாடி அத்தப் பாக்கணும்னா மூச்சடக்கி முங்கணும்."

மேனேஜர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார், படித்தவனுக்குப் படித்தவன் சிரிக்கிற சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன். ஸ்வீட்டை அந்த அம்மா வாங்கவில்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

என் வேலைக்கு வருகிறேன். முதல் இரண்டு மூன்று மாதம் அளந்தேன். பிறகு அளக்கவில்லை. கயிறு விட்டு, கரைத்து, ஊற்றி, ஒரு மணி நேரம் காத்திருந்தால் பஸ் போய்விடும். பஸ் போனால் ரயில் போய்விடும். பவுடர் பொட்டலத்தை அந்த அம்மாவிடமே கொடுத்து, "நீங்களே போட்டுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நான் சொல்லிக்கொடுத்தபடி அவர் கரைத்து, தெளியவைத்து, என்னைவிடச் சுத்தமாகப் போட்டார். நான் செங்கல்பட்டில் ரயில் ஏறி, ஜன்னலோர இடம் கிடைத்தால் பதிவேட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு அந்த மாதத்துக் கிணறுகளையெல்லாம் எழுதி முடிப்பேன். ஊரப்பாக்கம் வருவதற்குள் பதினெட்டுக் கிணறு முடிந்துவிடும்.

எல்லா மாதமும் பதினான்கு அடி என்றே எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே இருந்த சீனியர் ஒருவர், நல்ல மனிதர், பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னய்யா இது, ஒரே நம்பரா இருக்கு? ஆடிட்டுல மாட்டுவ. மே மாசம் கொஞ்சம் எறக்கு, டிசம்பர்ல ஏத்து. கெணறுன்னா ஏறி எறங்கத்தானே செய்யும்?"

எங்கள் நிலையத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம். அதன் பிறகு நான் மே மாதத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன், மழைக்குப் பிறகு பதினைந்து என்று எழுதினேன். நடுவில் பதின்மூன்றரை. எழுதி முடித்துப் பார்த்தால் எனக்கே அது நிஜக் கிணறு மாதிரி இருந்தது. நான்கு வருடம் என் பதிவேட்டில் அந்தக் கிணறு அழகாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே நிஜக் கிணற்றில் எட்டு, பத்து, பதின்மூன்று என்று படிகள் வெளியே வந்துகொண்டிருந்தன.

ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா என்னையும் எண்ணச் சொன்னார். நானும் எண்ணினேன். கண்ணால் பார்த்தேன். "பதிமூணும்மா" என்று வாயால் சொன்னேன்.

"எழுதிக்கோ சார், மறந்துடப் போற."

"எழுதிக்கிறேம்மா."

பையிலிருந்து பேனாவை எடுத்து எதையாவது கிறுக்குவேன். ஒரு தடவை வீட்டுக்கு வாங்கவேண்டிய மளிகைச் சாமான் பட்டியல் எழுதினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சர்க்கார் ஆள் சர்க்கார் நோட்டில் எழுதுகிறார் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், நான் நினைக்கவிட்டேன்.

பிறகு அந்தத் தெருவுக்கு மேல்நிலைத் தொட்டி வந்தது. எங்கிருந்தோ குழாயில் தண்ணீர் வந்ததால் குடிநீர்க் கிணறுகளின் பட்டியலிலிருந்து அவர் கிணற்றை எடுத்துவிட்டோம். என் பதிவேட்டில் அந்தக் கிணறு பதினைந்து அடித் தண்ணீரோடு முடிந்தது. அதற்கடுத்த வருடம் மழை சரியாகப் பெய்யவில்லை. அந்த வருடம்தான் குவாரிக்காரர்கள் பக்கத்துப் புறம்போக்கிலும் வெட்ட அனுமதி கேட்டார்கள். அந்தப் புறம்போக்கு அந்த அம்மாவின் வரப்பை ஒட்டி இருந்தது. அங்கே பள்ளம் விழுந்தால் கிணற்றில் நாய் நக்கக்கூடத் தண்ணீர் நிற்காது என்பது யாருக்கும் தெரியும். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று தண்டோரா போட்டார்கள். அந்த அம்மா ஒருவர் மட்டும் மனுக் கொடுத்தார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி இளைஞர். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவரையும் அந்த அம்மா விடவில்லை. எழுந்து வந்து பார்க்க வைத்தார். பதினாறு படி வெளியே. ஆடு குளிக்கிற அளவு தண்ணீர். அதிகாரி உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

குவாரி மேனேஜர், "மழை இல்லாததுதான் சார் காரணம். போன வருஷம் வரைக்கும் நல்லா இருந்தது" என்றார்.

"நாலு வருசமா எறங்கிகினே கீது சார், நான் மாசாமாசம் எண்ணிகினு கீறேன்" என்றார் அந்த அம்மா.

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"நான் எழுதல. நம்ம பவுடர் சார் எழுதிகினு கீறாரு. சர்க்காரு நோட்டு. அத்தக் கொண்டாறச் சொல்லுங்க. அதுல பொய் இருந்தா என் நெலத்தயே எழுதித் தர்றேன்."

இது எனக்குப் பிறகு தெரிந்தது. அடுத்த வாரம் பதிவேட்டோடு ஆஜராகும்படி எனக்குக் கடிதம் வந்தது.

அந்த ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. சீனியரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "அளக்காம எழுதினேன்னு சொல்லு. நாளைக்கே உனக்குப் பதினேழு பி. சஸ்பெண்ட். அப்புறம் மத்த கெணறெல்லாம் யார் அளந்தான்னு கேப்பான். எங்க எல்லார் நோட்டையும் எடுப்பான். வாந்திபேதி வந்து ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கொழந்த செத்ததே, அந்தக் கொழந்த இருந்த தெருக் கெணத்து நோட்டையும் எடுப்பான். யோசிச்சுப் பேசு." பதினேழு பி என்பது சர்க்கார் ஊழியனின் வேலைக்கே உலை வைக்கிற குற்றச்சாட்டுக் கடிதம். வீட்டில் சொன்னேன். மனைவி அப்போது ஏழு மாதம். அவள் என்னைத் திட்டவில்லை. "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க" என்றாள். திட்டியிருந்தால், அவள் சொல்லித்தான் செய்தேன் என்று இன்றைக்கு இங்கே எழுதியிருப்பேன். அந்த வசதியும் எனக்கு இல்லை.

விசாரணை நாளில் அந்த அம்மா எனக்காகப் பள்ளிக்கூட வாசலிலேயே காத்திருந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார். "வா சார், வா சார்" என்று என் கையைப் பிடித்து, கூட்டத்தை விலக்கி, மாப்பிள்ளையை அழைத்துப்போகிற மாதிரி உள்ளே அழைத்துப்போனார்.

அதிகாரி பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சத்தமாகப் படித்தார். ஜனவரி, பதினைந்து அடி. மே பன்னிரண்டு. ஆகஸ்ட் பதின்மூன்றரை. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம், நான்கு வருடமும் அதே மாதிரி. மேனேஜர் முகத்தில் நம்பமுடியாத ஆச்சரியம். கேட்காமலே கிடைத்த வரம் அவருக்கு. அந்த அம்மாவுக்கு அடிக்கணக்கு உடனே புரியவில்லை. "படி சார், படியச் சொல்லுங்க" என்றார். பிறகு யாரோ பின்னாலிருந்து விளக்கிச் சொன்னார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதிகாரி என்னைக் கேட்டார். "நீங்க நேர்ல போய், அளந்து எழுதினதுதானே இது?"

தப்பிக்க எனக்கு வழி விட்டுத்தான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் கண்ணாலேயே அந்தப் பதினாறு படியைப் பார்த்திருந்தார். நான் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிடித்துக்கொண்டிருப்பார்.

"ஆமா சார்" என்றேன்.

அந்த அம்மா கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. நான் எதிர்பார்த்ததெல்லாம் அதுதான், அதற்குத் தயாராகவே போயிருந்தேன். அவர் அந்தப் பெரிய குரலை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை, பக்கத்தில் நிற்கிற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்போ நான்தான் தப்பா எண்ணிட்டனா சார்?" என்றார். நான் பதிவேட்டைத் துணிப்பைக்குள் வைத்தேன்.

புறம்போக்கில் பள்ளம் விழுந்தது. அந்தக் கிணறு இரண்டு கோடைக்குள் வற்றியது. நான் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு நிலையத்துக்குப் போனேன், பதவி உயர்வு வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு கட்டினேன். ஜல்லி இறக்க வந்த லாரி டிரைவரிடம் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டேன். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னான். "நல்ல கருங்கல்லு அண்ணாத்த, நூறு வருசம் நிக்கும்." இறக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்த வீட்டில்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். ஒருமுறை கூடுவாஞ்சேரியில், மகள் வீட்டுத் தெருவாக இருக்கவேண்டும், தண்ணீர் லாரியின் பின்னால் பிளாஸ்டிக் குடங்களோடு நின்ற கூட்டத்தில் அந்த அம்மாவைப் பார்த்தேன். தலையில் அதே ஈரத்துண்டு. பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்து, தேவையில்லாமல் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன்.

ஆனால் இவ்வளவையும் ஒருவேளை நான் மறந்திருப்பேன். வேலை, குடும்பம், பயம் என்று எல்லாரும் சொல்கிற காரணங்கள் எனக்கும் இருந்தன. மறக்கவிடாமல் செய்தது, விசாரணை முடிந்து ஒன்றரை மாதம் கழித்து நடந்தது.

திருக்கழுக்குன்றத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம். ஊர் ஊராகப் போய் வயதானவர்களைப் பதிவுசெய்து வேனில் ஏற்றிக் கூட்டிவரும் வேலை என்னுடையது. அந்த ஊருக்குப் போக விருப்பமில்லாமல்தான் போனேன். நான் தெருமுனையில் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மா வந்து முன்னால் நின்றார்.

"என் பேரையும் எழுது சார்."

"உங்களுக்கு என்னம்மா?"

"படி எண்ணுறதுல நாலு வருசம் தப்பு வந்துகீதே. கண்ணுல கோளாறு இல்லாம இன்னா? புர இருந்தாலும் இருக்கும். பாத்துடலாம்."

கேலியாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. தன் கண்ணைத்தான் அவர் உண்மையிலேயே சந்தேகப்பட்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். யாரும் இல்லை, அதிகாரி இல்லை, பதிவேடு இல்லை. உங்கள் கண் நன்றாகத்தான் இருக்கிறது அம்மா, நான்தான் அளக்கவில்லை என்று அவர் ஒருவருக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். நான் அவர் பெயரை எழுதினேன், வயதைக் கேட்டேன், வேனில் ஏறச் சொன்னேன். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வேன் திருக்கழுக்குன்றம் போய்ச் சேரும்வரை, அவருக்குக் கண்ணில் புரை இருக்கவேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

முகாமில் அவரை வரிசையில் உட்காரவைத்துவிட்டு நான் மேசையில் பதிவேட்டோடு உட்கார்ந்தேன். சோதனை முடிந்து ஒவ்வொருவரும் டாக்டர் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து காட்டவேண்டும். நான் அதைப் பார்த்துப் பெயருக்கு எதிரில் ஏற்றவேண்டும். கண்புரை, அறுவைசிகிச்சை, கண்ணாடி, கண்புரை என்று எழுதிக்கொண்டே போனேன். அவர் முறை வந்தது. சீட்டை நீட்டினார்.

"இன்னா போட்டுகீது, படி சார்."

நான் மனதுக்குள் படித்தேன்.

"சத்தமாப் படி. நீ எழுதறது எனக்குத் தெரியாது, படிச்சாத்தான் தெரியும்."

"ரெண்டு கண்ணும் நல்லா இருக்கும்மா. தூரப்பார்வை சரியா இருக்கு. புரை இல்ல."

"கோளாறு ஒண்ணுங்கூட இல்லியா?"

"இல்லம்மா."

அவர் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் சீக்கிரம் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவர் மேசைமேல் குனிந்து, என் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்தார்.

"இத்தயாவது பாத்து எழுது" என்று சொல்லிவிட்டு, வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.